மருந்து அளக்கிற மிஷின்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் துப்பாக்கித் தோட்டா கெட்டித்த பொம்பளை நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். இதுவரைக்கும் யாரும் வரவில்லை. அப்போது எனக்குப் பொம்பளை என்று சொல்கிற வயசுகூட இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எருமை ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை.

போன தை மாசம் பேத்தியின் வீட்டுக்காரர் என்னைக் காரில் வைத்து ஏரிக்குக் கூட்டிப்போனார். இப்போது அது பறவைகள் சரணாலயம். கரைமேல் நின்று பார்க்க மேடை கட்டியிருக்கிறார்கள். காக்கிச் சட்டை போட்ட பையன் ஒருவன் கிட்டே வந்து, "பாட்டி, சத்தம் போடாம வாங்க, பறவையெல்லாம் பயப்படும்" என்றான். சரி தம்பி என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பறவைகளின் பாட்டிமாருக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எங்கப்பாவிடம் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் துப்பாக்கி. எங்கள் சோளக்கொல்லையும் கடலைக்கொல்லையும் ஊரைத் தாண்டிக் காட்டை ஒட்டி இருந்ததால், பன்றியை விரட்ட என்று சர்க்கார் கொடுத்தது. அப்பா பன்றியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். பன்றிகள் ஓடிவிடும். மறுநாள் திரும்பி வரும். இரண்டு தரப்பும் ஒரு மாதிரி ஒத்துப்போய்க் காலம் ஓடியது.

மார்கழியில் மட்டும் ஒருநாள் ஏரிக்குப் போவார். அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. போனால் ஒரே ஒரு வாத்தோடு வருவார். இரண்டாவது வாத்து தலைக்கு மேலேயே வந்து நின்றாலும் சுடமாட்டார். பெரிய வாத்து அது, சாம்பல் நிறம், வெள்ளைத் தலையில் பிடரிப்பக்கம் கறுப்பாக ரெண்டு பட்டை. பட்டைவாத்து என்போம். பனிமலையைத் தாண்டி வருகிறதாம், மேடையில் எழுதி வைத்திருப்பதைப் பேத்தி படித்துச் சொன்னாள். அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சேலத்துக்கு அந்தாண்டை எங்கேயோ இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு மேலே கூட்டமாகப் போகும்போது, ஆகாயத்தில் யாரோ அச்சுக்கு மை போடாத மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரிச் சத்தம் கேட்கும். வாசல் தெளிக்கிறவள் கையில் குடத்தோடு நின்றுவிடுவாள். மாடு கழுத்தைத் தூக்கிப் பார்க்கும். கடைசி வாத்தும் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் ஊருக்குத் தன் சத்தம் திரும்பி வரும்.

தோட்டா வாங்கத் திருச்சிக்குப் போகவேண்டும். அப்பா பித்தளைத் தோட்டா வைத்திருந்தார். சுட்டபிறகு வெறும் கூட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து, மறுபடியும் உள்ளே வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டு அடைத்துக்கொள்வார். தோட்டா கெட்டிக்கிறது என்று அதற்குப் பேர். அந்த வேலைக்கு அவரிடம் ஒரு மிஷின் இருந்தது. மலைமேல் காப்பித்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது சாமான்களை ஏலம் விட்டாராம், அதில் எடுத்தது. மேலே பித்தளைக் கூண்டு, அதற்குக் கீழே படுக்கை வாட்டில் ஓர் உருளை, பக்கத்தில் கைப்பிடி. கூண்டில் மருந்தைக் கொட்டிக் கைப்பிடியை ஒரு தடவை இறக்கி ஏற்றினால், ஒரு தோட்டாவுக்கு வேண்டிய மருந்து சரியாக அளந்து விழும். கூடினால் குழல் தாங்காது, குறைந்தால் ரவை வாத்து வரைக்கும் போகாது. அதனால் அப்பா அந்த மிஷினைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். பெற்ற பிள்ளையான எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை, பேச்சு நிறைய கேலி. அவர் வந்தால் வீட்டில் வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும். அவருக்கு அந்தத் துப்பாக்கிமேல் ஒரு கண். வந்து உட்கார்ந்ததும் முதலில் சுவரில் அது தொங்குகிற இடத்தைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் அக்காவை விசாரிப்பார். அந்த வருசம் தீபாவளிக்கு வந்தவர், பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

"மச்சான், ஒங்களுக்கும் வயசாவுது. துப்பாக்கி சொவத்துல தொங்கிக்கிட்டுக் கெடக்குது. எங்கிட்டக் குடுத்துடுங்க, நான் வச்சு ஆளுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஏரிக்குப் போயி வெறுங்கையோட நான் என்னிக்கி வர்றனோ, அன்னிக்கி வந்து எடுத்துக்க மாப்ள."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!" என்றார் மாமா. "மருமவளே, நீயும் கேட்டுக்க. துப்பாக்கி எங்கிட்ட வந்துச்சுன்னா ஒனக்கு ஒரு சைக்கிளு."

எனக்கு அந்த சைக்கிள் வேண்டியிருக்கவில்லை. காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது அந்தத் துப்பாக்கிதான். வருசத்துக்கு ஒரு தடவை அதன் கட்டையை எண்ணெய் போட்டுத் துடைக்கிறபோது துணியை நீட்டுகிற வேலை எனக்கு. அது இல்லாத சுவரும், அது இல்லாத அப்பாவும் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே வராது. அந்த மார்கழியில் அப்பா ஒரு வாத்தோடு வரவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளிடம்கூடச் சொல்லி வைத்தேன். வாத்தைக் கொல்லப் பெருமாளிடம் வேண்டலாமா என்று அப்போது தோன்றவில்லை.

ஏரிக்குப் போகிறதுக்கு முதல்நாள் மத்தியானம் அப்பா மிஷினை எடுத்தார். மருந்து எடுக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா விடியும்போதே ஆக்கி இறக்கிவிட்டு, அடுப்பில் தண்ணீர் தெளித்து, தீப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மாமாவும் பீடியை வாசலோடு வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். முற்றத்தில் நல்ல வெளிச்சமான இடத்தில் பெஞ்சைப் போட்டு அதில் மிஷினை முடுக்கினார் அப்பா. மருந்தைக் கொட்டிக் கைப்பிடியை இறக்கினார். பாதி தூரம் போய்க் கரக் என்று நின்றுவிட்டது.

மறுபடி தூக்கி இறக்கினார். கொஞ்சம் மருந்து விழுந்தது. அடுத்த தடவை ஒன்றுமே விழவில்லை. அதற்கடுத்த தடவை இரண்டு தடவைக்கு உண்டானது ஒரேயடியாகக் கொட்டியது.

"ஈரம்" என்றார் அப்பா. ஐப்பசி கார்த்திகை அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது. சுவரெல்லாம் பாசி. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மருந்தை எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் காற்றாட வைத்தார். நான் காக்காய் வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்து கறுப்பாக, எள்ளுக்கும் கேழ்வரகுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி மினுங்கியது. காய்ந்த மருந்தை மறுபடி போட்டுக் கைப்பிடியை இறக்கினார். கரக்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்து சேர்ந்தார். மறுநாள் ஏரிக்குக் கூடவே வந்து, அப்பாவின் கை வெறுங்கையா இல்லையா என்று கண்ணால் பார்க்க வந்திருந்தார். மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரருக்கு எந்த வியாதிக்கும் எண்ணெய்தான் வைத்தியம்.

"வறட்டுப் பிடி மச்சான். ஒரு சொட்டு எண்ணெ வுட்டா வழுக்கிக்கிட்டுப் போவும், பாருங்க."

அப்பா வேண்டாம் என்று கை தூக்குவதற்குள் அம்மாவின் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து உருளையில் விட்டுவிட்டார். சொட்டு என்றார், அரைக் கிண்ணம் போயிருக்கும். கைப்பிடி மூன்று நான்கு தடவை உருண்டு ஓடியது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் எண்ணெயும் மருந்தும் சேர்ந்து குழைந்து, உருளைக்குள் எள்ளுருண்டை பிடித்த மாதிரி அடைத்துக்கொண்டது. கைப்பிடி இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"மாப்ள," என்றார் அப்பா, ரொம்பப் பொறுமையாக. "இதென்ன சைக்கிள் செயினா?"

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு முறம் தவிட்டோடு வந்தாள். "ரெண்டு பேரும் தள்ளுங்க. எண்ணெப் பாத்தரம் வெளக்கறவளுக்குத் தெரியாதா?" என்று மருந்தையெல்லாம் வழித்து ஒதுக்கச் சொல்லிவிட்டு, வெறும் மிஷினைத் தவிட்டைப் போட்டுப் போட்டுத் தேய்த்தாள். தவிடு எண்ணெயைக் குடித்துக் குடித்து உதிர்ந்தது. நல்ல துணியால் துடைத்துக் கொடுத்தபோது மிஷின் புதுப்பெண் மாதிரி மினுமினுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லை.

மருந்து போடாமல் வெறுமனே கைப்பிடியை இறக்கிப் பார்த்தார் அப்பா. பாதி தூரம். கரக்.

வெயில் முற்றத்தின் கிழக்குச் சுவருக்கு ஏறிவிட்டிருந்தது. இனிமேல் பொழுது இறங்கினால் விளக்கு வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யமுடியாது. மாமா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, "சுத்தியல வச்சு லேசா ஒரு தட்டுத் தட்டினா..." என்றார். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மூக்குப்பொடி டப்பி மூடியில மொண்டு போட்டுக் கெட்டிங்களேன் மச்சான், கண்ணளவுதான" என்றார்.

"கண்ணளவு வேலையெல்லாம் எனக்கு ஆவாது" என்றார் அப்பா. சொன்ன விதம் சுருக்கென்று இருந்தது.

"அப்ப நாளைக்கு வெறுங்கைதான்." மாமா கேலியாகத்தான் சொன்னார், ஆனாலும் அவர் கண் சுவருக்குப் போய்விட்டு வந்தது. "பேச்சுன்னா பேச்சு மச்சான். பந்தியில சொன்னது."

எனக்குத் துப்பாக்கி இப்போதே பாதி பெரம்பலூர் போய்விட்ட மாதிரி இருந்தது. அப்பா மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார், பசுவின் மடுவில் கட்டி இருக்கிறதா என்று தடவுகிற மாதிரி. பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், "பாப்பா, இங்க வா. நீ பாரு" என்றார்.

நானா? தொடக்கூடாத மிஷினை என் கையில் கொடுத்தார். பெஞ்சின்மேல் ஏறி நின்று வெயில் விழுகிற பக்கம் திருப்பிப் பிடித்தேன். அந்த நேரத்து மஞ்சள் வெயிலில் பித்தளை உள்ளேயிருந்து எரிகிற மாதிரி இருந்தது. நான் ஒன்றும் பெரிய காரியம் செய்யவில்லை. பார்த்தேன், தெரிந்தது. உருளையும் கூண்டும் ஒட்டுகிற இடுக்கில், தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு. பாதி மஞ்சள், பாதி சிவப்பு.

"சந்தனம்" என்றேன். "குங்குமமும் இருக்குப்பா."

ஆயுதபூஜைக்கு வைத்த பொட்டு அது. எங்கள் வீட்டில் ஏர், மண்வெட்டி, அரிவாள், படி, மரக்கால் என்று எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பாள், மிஷினுக்கும் சேர்த்துத்தான். குழைவாக வைத்த சந்தனம் இடுக்கில் இறங்கி, மழைக்காலம் முழுக்கக் கிடந்து கல்லாக இறுகிவிட்டிருந்தது. தவிட்டால் அதைத் தொடமுடியவில்லை.

மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அக்கா, சாமிக்கே இஷ்டமில்ல பாத்தியா!"

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "வருசா வருசம் வைக்கறதுதான? நாளு கிழமைக்கு வைக்காம வுடமுடியுமா? மறுநா நீங்கதான ஈரத் துணிய வச்சி மொதல்ல இத தொடைப்பீங்க? இந்தத் தடவ தொடைச்சீங்களே, நானும் பாத்தனே..."

அம்மா அதோடு நிறுத்திவிட்டாள். அப்பா தலையைக் குனிந்தபடி இருந்தார். "சரியாத் தொடைக்கல போலருக்கு" என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த முறம் சரிந்து தவிடு கொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றாள். பொட்டு வைத்த தப்புக்கு வருத்தப்படுகிறாள் என்று நான் நினைத்தேன்.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி அதன் நுனியால் நான்தான் சந்தனத்தைச் சுரண்டியெடுத்தேன். துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. உதிர உதிர வாசனை வந்தது. துடைத்துவிட்டுக் கைப்பிடியை இறக்கினேன். சத்தமே இல்லாமல், நெய்யில் விரல் போகிற மாதிரி அடி வரைக்கும் போயிற்று.

அன்றைக்குத் தோட்டா கெட்டித்தது நான்தான் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா? கைப்பிடியை நான் இழுத்தேன். அப்பா காதைக் கிட்டே வைத்துக்கொண்டு மருந்து விழுகிற சத்தத்தைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும், "தோட்டாக் கூட்டுல கோடு இருக்கு பாரு, அதுவரைக்கும் வந்துச்சா?" என்று கேட்டார். வந்துடுச்சுப்பா என்பேன். உடனே அவர் தக்கையை வைத்து அழுத்துவார், ரவையை நான் போட, மேலே மெழுகை வைத்து விரலாலேயே தடவி அடைப்பார். மாமாவுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் அப்பா என்னை நம்பிக் கொடுக்கிறார் என்று எனக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது முழுக்க இறங்கவில்லை, என் மருமகள் சொல்வாள்.

மறுநாள் இருட்டுப் பிரியும்போது வண்டி கட்டினார்கள். "பாப்பாவும் வரட்டும்" என்றார் அப்பா. எந்த மார்கழியிலும் சொல்லாத வார்த்தை. பொட்டப்பிள்ளை எதற்கு என்று அம்மா கேட்பாள், பாட்டு விழும் என்று நான் பயந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் கம்பளியை எடுத்து என்மேல் சுற்றி, "அப்பாவ வுட்டு அங்க இங்க போவாத" என்று மட்டும் சொன்னாள்.

ஏரிக்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு மேலே ஏறினோம். ஏரி இல்லை. பனிதான் இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் உலகம் அந்த இடத்தோடு முடிந்துபோய், அதற்கு அப்பால் யாரோ பாலைக் கொட்டி வைத்திருக்கிற மாதிரி. ஆனால் அந்தப் பாலுக்குள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசிக்கொள்கிற சத்தம். ஊர்ச்சந்தை விழிக்கிறதுக்கு முன்னால் படுத்துக்கொண்டே பேசுகிற மாதிரி. சிறகு அடிக்கிற சத்தம், தண்ணீரை யாரோ அளைகிற சத்தம், நடுவில் ஒரு தனி வாத்து எதையோ நீளமாகக் கேட்க, தூரத்தில் இன்னொன்று பதில் சொல்கிற சத்தம். நான் நிற்கிறேனா கனவில் இருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. என் கையை நீட்டினால் விரல் நுனி எனக்கே மங்கலாகத் தெரிந்தது.

"ஒண்ணுந் தெரியல மச்சான்" என்றார் மாமா. "பனி வெலவட்டும்."

"வெலவுனா அதுங்களும் நம்மளப் பாத்துடும்" என்றார் அப்பா. எல்லோருக்கும் ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில், அவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். வீட்டில்கூட நான் அவரை அந்த மாதிரிப் பார்த்து நாளாகியிருந்தது. தோட்டாவைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என்னை முன்னால் நிறுத்தினார். "தலைக்கு மேல நெழலு மாதிரி வரும். வந்தா வாயத் தொறக்காத. கையால காட்டு."

எவ்வளவு நேரம் நின்றோமோ. கால் இரண்டும் மரத்துப்போய் என்னுடையதாக இல்லை. அப்போது பனிக்குள்ளேயே பனியைவிடக் கொஞ்சம் கறுப்பாக, வரிசையாக, நிழல்கள் வந்தன. கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று, அவசரமே இல்லாமல். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அப்பா என் பின்னால் குனிந்து கன்னத்தை என் கையோடு ஒட்டி வைத்தார். அவர் மூச்சு என் புறங்கையில் சுட்டது. என் கை போகிற போக்கிலேயே குழலை நிறுத்திக்கொண்டு, "ஒக்காரு, காதப் பொத்திக்க" என்றார்.

வெடித்தது. ஏரி முழுக்க எழுந்து பறந்தது. அத்தனை சிறகும் ஒன்றாக அடித்த காற்று எங்கள் முகத்தில் வந்து விழுந்தது. அது அடங்குவதற்குள் எதிரே கோரைக்குள் பொத்தென்று ஒரு சத்தம்.

"வுழுந்துடுச்சு!" என்று மாமா கத்தினார். "மச்சான், பனியில சுட்டுப்புட்டீங்களே!"

நான் குதித்தேன். துப்பாக்கி எங்கள் சுவரிலேயே இருக்கும். அப்போது பனிக்குள்ளேயிருந்து ஒரு மனுசக் குரல் வந்தது, ரொம்பக் கிட்டே.

"யாருய்யா அது? இங்க ஆளு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

அப்பா குழலைத் தரைக்குத் தாழ்த்தினார். பிறகு சொன்னார்.

"தெரியலப்பா."

அந்த ஒரு சொல்லை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பஞ்சாயத்தில் நிற்கிறவர் ஒத்துக்கொள்கிற மாதிரி. "அடிகிடி பட்டுச்சா? எதுவும் படலயே?" என்று கேட்டுக்கொண்டே கரைச்சரிவில் இறங்கப் போனார். கால் தடுமாறியது. மாமா பிடித்துக்கொண்டார்.

பனியை விலக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஒரு மீன்காரர் வந்தார். தோளில் வலை, கையில் எங்கள் வாத்து. "படல, படல. தலைக்கு மேல தாண்டிப் போயிடுச்சு. மீன் பானையத்தான் பயத்துல கவுத்துட்டேன். இந்தாங்க, ஒங்க வாத்து" என்று என்னிடம் நீட்டினார். கனமாக இருந்தது, இன்னும் சூடாக இருந்தது. பிடரியில் ரெண்டு பட்டையும் அப்போதுதான் மை தீட்டின மாதிரி இருந்தது. மாமா மீன்காரருக்கு வெற்றிலை கொடுத்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பினார்.

அப்பா துப்பாக்கியை மடித்து, சுடாத தோட்டாவை வெளியே எடுத்தார். வெறும் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்து மாமாவிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. வச்சுக்க."

"என்னா மச்சான் வெளையாடுறீங்க? வாத்து வந்துடுச்சே. நீங்கதான ஜெயிச்சீங்க?"

"அதான் குடுக்கறேன்."

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிரசாதம் வாங்குகிற மாதிரிக் குனிந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை. லைசென்சை மாற்ற இரண்டு பேரும் தாலுக்கா ஆபீசுக்கு அலைந்தது அப்புறம் நடந்த கூத்து.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிமுடியாது. சந்தனத்தைக் கண்டுபிடித்தது நான், மருந்து அளந்தது நான், கை காட்டினது நான். ஜெயித்த பிறகு தூக்கிக் கொடுத்தால் அது என்ன நியாயம்? ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வண்டியில் ஏறமாட்டேன், நடந்துதான் வருவேன் என்று அடம்பிடித்தேன். மாமா வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அப்பா என்னோடு நடந்தார்.

அவர் கண் இரண்டும் மங்கிக்கொண்டு வந்தது அம்மாவுக்கு அந்தச் சந்தனக் கோட்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மாமாவுக்குக் கரைமேல் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு இன்னொரு மழைக்காலம் போகவேண்டியிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அம்மா வீட்டில் வந்து சொன்ன அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஏரிக்கரையில் அன்றைக்கு எனக்கு அழுகை மட்டும்தான் தெரிந்தது. பனி விலகி வெயில் வந்துவிட்டது. தண்ணீர் முழுக்கப் பறவைகள் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்ப வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எப்போதும் எனக்கு நாலு எட்டு முன்னால் போகிறவர், "நீ முன்னாடி போ பாப்பா" என்று சொல்லி என் தோளில் கை வைத்தார். என்னைச் சமாதானப்படுத்த வைக்கிறார் என்று நினைத்து, ஒன்றும் வேண்டாம் என்று தோளை உதறினேன். கை ஒரு நிமிசம் வெறும் காற்றில் நின்றது. பிறகு தேடிக்கொண்டு வந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. வாத்தை மாரோடு அணைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன். கரையில் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் அந்தக் கை லேசாக இறுக்கிப் பிடித்தது, பள்ளம் தாண்டினதும் விட்டுக்கொடுத்தது.